நீக்கிலாப்பிள்ளையின் லொக்கரில் அந்து

நீக்கிலாப்பிள்ளை நம்பிய ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். அது மனைவி றெஜினா என்று நினைத்துவிடாதீர்கள். அடுப்பை நூத்துவிட்டேன் என்று றெஜினா சொன்னாலும் அவர் எழுந்துபோய்த் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்து படுப்பார். பால் பெட்டியில் திகதி அச்சடித்திருந்தாலும் மூக்கை வைத்துப் பார்க்காமல் தேத்தண்ணிக்கு விடமாட்டார். மன்னாரிலிருந்து கொழும்பு வரைக்கும் எத்தனையோ இராணுவச் சோதனைச் சென்றிகளில் ஏறி இறங்கிய மனுசன், அப்படித்தான் இருப்பார் என்று றெஜினா தன்னைத்தானே ஆற்றிக்கொள்வாள். சென்றியில் ஏறி இறங்கிய எல்லோருமா பாலை மணந்து பார்க்கிறார்கள்? அது பிறவிக் குணம். கனடாவின் குளிரிலும் அது உறைந்து போகவில்லை.

அவர் நம்பிய அந்த ஒருவர் வின்சன்ட். குருநகர் மீன்பிடிக் குடும்பத்து ஆள். இவரைவிட ஐந்தாறு வயது இளையவர், நகரத்தை ஒட்டி ஓடும் ஆற்றுக்கு அந்தப் பக்கம், லொங்குய் என்ற ஊரில் தனியாக இருந்தார். துறைமுகத்தை அண்டிய களஞ்சியம் ஒன்றில் இருவரும் சேர்ந்து வேலை செய்த காலத்தில், ஒருநாள் சப்பாத்துப் பெட்டி ஒன்று கணக்கில் குறைந்தது. மேற்பார்வையாளன் நேரே வந்து நீக்கிலாப்பிள்ளையின் முன்னால் நின்றான். அன்றைக்கு அந்தப் பக்கத்தில் சாமான் தூக்கும் போர்க்லிஃப்ட் ஓட்டியவர் அவர்தான். அவர் வாய் திறக்குமுன் வின்சன்ட் முன்னுக்கு வந்து, அவர் எடுக்கவில்லை என்று தன்னுடைய உடைந்த பிரெஞ்சில் சொன்னார். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, தெரியும் என்றார். அவ்வளவுதான். பெட்டி பிறகு வேறோர் அடுக்கில் அகப்பட்டது. ஆனால் கையில் ஒரு சாட்சியும் இல்லாமல் தன்னை நம்பிய மனுசனை நீக்கிலாப்பிள்ளை அதற்குமுன் கண்டதில்லை. அன்றிலிருந்து வின்சன்ட் அந்த வீட்டில் கேட்காமலே கறிச்சட்டி திறக்கும் ஆளானார்.

பியர் காய்ச்சுகிற பைத்தியமும் சந்தேகத்தில்தான் பிறந்தது. கடைப் பியர் குடித்தால் தலையிடிக்கிறது, என்னத்தையோ கலக்கிறான்கள் என்று நீக்கிலாப்பிள்ளை ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று போத்தல் குடித்தால் யாருக்குத்தான் தலையிடிக்காது? வின்சன்ட் அதைச் சொல்லிக் காட்டவில்லை. அப்படியென்றால் நாங்களே காய்ச்சுவோம் அண்ணை என்று, அதற்கான சாமான் விற்கிற கடை ஒன்றைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தார். முளைவிட வைத்து உலர்த்திய பார்லியை அங்கே மோல்ற் என்று சாக்குச் சாக்காக விற்றார்கள். சனிக்கிழமைகளில் இருவரும் அதைக் கைமில்லில் போட்டு உடைத்து, சுடுதண்ணீரில் ஊறவைத்து, இனித்த தண்ணீரை வடித்துக் காய்ச்சி, ஆறவைத்து ஈஸ்ட் போட்டு மூடி வைப்பார்கள். வீடு முழுக்க வேகவைத்த தானியத்தின் வாசம் அடிக்கும். றெஜினா யன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு செபமாலை சொல்லுவாள். இரண்டு வருசத்துக்குள் தமிழ்ப் பூசைக்கு வருகிற குடும்பங்களின் ஞானஸ்நான விருந்துகளில் அவர்களுடைய பியருக்கு ஒரு பெயர் வந்துவிட்டது.

மோல்ற் சாக்குகளை வைக்கிற இடம், கட்டடத்தின் நிலக்கீழ் தளத்தில் அவர்களுக்கென்று ஒதுக்கிய லொக்கர். மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் பலகைக் கதவு. அடுத்த அறையில் கொதிகலன் ஓடுவதால் மாரிக் குளிரிலும் உள்ளே கதகதவென்று இருக்கும். அந்த லொக்கர்ப் பூட்டுக்கு இரண்டு திறப்பு. ஒன்றை நீக்கிலாப்பிள்ளை கழுத்துச் சங்கிலியில் மாதா பதக்கத்தோடு சேர்த்துப் போட்டிருந்தார். மற்றதை வின்சன்டிடம் கொடுத்திருந்தார். றெஜினாவிடம் திறப்பு இல்லை. அவள் கேட்டதுமில்லை.

தானியத்தைச் சாக்கோடு வைக்கக்கூடாது, இறுக்கி மூடுகிற வாளியில் போடவேண்டும் என்று வின்சன்ட் தொடக்கத்திலேயே சொன்னார். சாப்பாட்டுக் கடைகளில் ஊறுகாய் வருகிற பெரிய வாளிகள் சும்மா கிடைக்கும் என்றும் சொன்னார். நீக்கிலாப்பிள்ளைக்குப் பிளாஸ்ரிக்கின் மேல் சந்தேகம். அது தானியத்துக்குள் மணத்தை இறக்கும் என்றார். சாக்கு மூச்சு விடும், வாளி மூச்சு விடாது என்றும் சொன்னார். பூச்சியும் மூச்சு விடும் என்பது அப்போது அவருக்கு நினைவில் வரவில்லை.

அந்த வருசம் 2003. சண்டை நின்று பாதை திறந்திருந்ததால், றெஜினா கோடையில் ஊருக்குப் போய் வந்தாள். நானாட்டானில் நீக்கிலாப்பிள்ளையின் தம்பி யோசெப் பல வருசத்துக்குப் பிறகு தன் சொந்த வயலில் இறங்கி முதல் வெள்ளாண்மை வெட்டியிருந்தான். அதில் ஒரு பிடி நெற்கதிரைக் கோயிலில் மந்திரித்து, அண்ணனிடம் கொடுக்கச் சொல்லி அவள் கையில் கொடுத்துவிட்டான். விமான நிலையத்தில் பிடித்தால் வில்லங்கம் என்று தெரிந்தும் அவள் அதைச் சேலைகளுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்து சேர்த்தாள். நீக்கிலாப்பிள்ளை அதைக் கையில் வாங்கி முத்தமிட்டார். கண் கலங்கியது. பிறகு நேரே கீழே கொண்டுபோய், மூலையில் மோல்ற் சாக்குகளுக்கு மேலே ஆணி அடித்துத் தொங்கவிட்டார்.

"சிலுவைக்குப் பக்கத்தில கட்டாமல் சாராயச் சாமானுக்கு மேலயோ கட்டினீங்கள்?" என்று றெஜினா கேட்டாள்.

"நெல்லு வைக்கிற இடத்திலதான் கட்டுறது. அப்பதான் பூச்சி புழு அண்டாது. இதுவும் தானியந்தானே?" என்றார்.

ஊரில் அப்படித்தான் செய்வார்கள். அதில் அவருக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. இத்தனை வருசத்தில் அவர் மணந்து பார்க்காமல் உள்ளே எடுத்த பொருள் அது ஒன்றுதான்.

ஒக்டோபரில் முதல் அந்து பறந்தது. வைக்கோல் நிறத்தில், அரிசியளவு நீளத்தில், லொக்கர் விளக்கைச் சுற்றிக்கொண்டு ஒன்று. அடுத்த கிழமை நாலைந்து. சாக்கைத் திறந்து ஒரு பிடி அள்ளினால், சில மணிகள் உமிபோல் பாரமில்லாமல் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஊசி குத்தியதுபோல் வட்டமான ஒரு துவாரம். இந்த அந்தின் புழு தானியத்துக்கு உள்ளே இருந்தே தின்று வளர்ந்து, சிறகு முளைத்தபின் அந்த ஓட்டையால்தான் வெளியே வரும். வெளியே தெரியும்போது உள்ளே எல்லாம் முடிந்திருக்கும்.

நீக்கிலாப்பிள்ளை முதலில் கடைக்காரனைச் சந்தேகப்பட்டார். பழுதான சாக்கைத் தமிழன் தலையில் கட்டிவிட்டான் என்று ஒரு கைப்பிடி மோல்ற்றைப் பையில் போட்டுக்கொண்டு போய்ச் சண்டை பிடித்தார். கடைக்காரன் தன்னுடைய களஞ்சியத்தைத் திறந்து காட்டினான். ஒரு பூச்சி இல்லை. அடுத்ததாக றெஜினாவின் அரிசி மூட்டை. அவள் மூட்டையை அவிழ்த்து, அவர் கண்முன்னாலேயே சுளகில் கொட்டிப் புடைத்துக் காட்டினாள். அதிலும் இல்லை.

"செத்தல் மிளகாய் போட்டு வைச்சிருக்கிறன். என்ர அரிசியில பூச்சி வராது. நீங்களும் போட்டுப் பாருங்கோவன்" என்றாள்.

"பியர் உறைக்கும்."

"உறைச்சால் குறையக் குடிப்பீங்கள்" என்றாள் றெஜினா.

மிச்சம் யார்? லொக்கருக்குள் கால் வைக்கிற ஆட்கள் இரண்டே பேர். அந்தக் கணக்கு மனதில் வந்த அன்றைக்கு நீக்கிலாப்பிள்ளை சாப்பாட்டைப் பாதியில் தள்ளிவைத்தார். வின்சன்டை நினைக்கிறதே பாவம் என்று தலையை உதறிக்கொண்டார். ஆனால் சந்தேகம் என்பது அவருக்குப் பழகிய பாதை, கால் தானாகவே அதில் போனது. வின்சன்டின் தோள்பையில் எப்போதும் ஏதோ தானியம் இருக்கும், புறாவுக்குப் போடுவார். மலிவாக எங்கேயோ சோளம் வாங்குகிறவர். வாளி வேண்டும், வாளி வேண்டும் என்று ஏன் அப்படி நின்றார்? பூச்சி வரப்போகிறது என்று முன்னமே தெரியுமோ?

தெரிந்துகொள்வதற்கு அவர் ஒரு வேலை செய்தார். குழந்தைப் பவுடர் ஒரு பேணி வாங்கி, லொக்கர் நிலத்தில் மெல்லியதாகத் தூவிவிட்டு வந்தார். சனிக்கிழமை தவிர வேறு நாளில் யாரும் உள்ளே போனால் தடம் விழும். றெஜினாவுக்கு இது தெரிந்திருந்தால் அவரையே பவுடரில் உருட்டியிருப்பாள்.

வியாழக்கிழமை போய்ப் பார்த்தார். தடம் இருந்தது. தடித்த அடியுள்ள சப்பாத்தின் தடம், வாசலிலிருந்து மூலை வரைக்கும் போய், அங்கே கொஞ்ச நேரம் நின்று, திரும்பி வந்திருந்தது. பூட்டு உடைபடவில்லை. ஒரு சாக்கும் குறையவில்லை. ஆனால் உள்ளே அந்துகள் முன்னெப்போதையும்விடக் கூடுதலாகப் பறந்தன. நீக்கிலாப்பிள்ளை கதவில் சாய்ந்து நின்றார். திருடினால்கூடத் தாங்கியிருப்பார். களவாக வந்து தன்னுடைய தானியத்தைக் கெடுக்கிறான் என்பதுதான் தாங்கவில்லை.

வின்சன்டிடம் தொலைபேசியில் கேட்டிருக்கலாம். சனிக்கிழமை வரும்போது தனியாக இருத்திக் கேட்டிருக்கலாம். இரண்டையும் அவர் செய்யவில்லை. சுகமில்லை, வராதே என்று சனிக்கிழமையைத் தட்டிவிட்டு, மூன்று நாள் அதையே மனதில் போட்டுக் காய்ச்சினார். ஞாயிறு பூசை முடிந்து, கோயிலுக்குக் கீழேயுள்ள மண்டபத்தில் சனம் கோப்பியும் ரோல்ஸும் சாப்பிட்டுக்கொண்டு நிற்கும்போது, வின்சன்ட் சிரித்த முகத்தோடு இவரைத் தேடிக்கொண்டு வந்தார்.

"அண்ணை, உங்களோட ஒரு கதை கதைக்கவேணும்."

"நான் முதல் கேக்கிறன். கிழமை நாளில களவா என்ர லொக்கருக்குள்ள என்னத்துக்குப் போனனி?"

குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. ரோல்ஸைக் கடித்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். வின்சன்டின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது.

"அண்ணை, இதை வெளியில போய்க் கதைப்பம்."

"ஏன் வெளியில? இஞ்சையே சொல்லு. உன்ர பூச்சிச் சோளத்தைக் கொண்டுவந்து என்ர சாமானுக்குள்ள கொட்டினனியோ இல்லையோ? உன்னை நம்பித் திறப்புத் தந்ததுக்குக் கைமாறு இதுவோ?"

வின்சன்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுற்றி நின்ற சனத்தை ஒருமுறை பார்த்தார். றெஜினா கோப்பிக் கேத்திலோடு விறைத்துப்போய் நிற்பதையும் பார்த்தார். பிறகு பொக்கற்றிலிருந்து திறப்புக்கோர்வையை எடுத்து, அந்த ஒரு திறப்பை மட்டும் நகத்தால் நெம்பிக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு நடந்தார். பதில் இல்லாதவன் போகிறான் என்று நீக்கிலாப்பிள்ளை நினைத்தார். வெற்றிதான். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் றெஜினா வேறு சீற்றில் போய் இருந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு வின்சன்ட் வரவில்லை. பூசைக்கும் லொங்குய்ப் பக்கத்துக் கோயிலுக்கே போகிறார் என்று கேள்வி. சனிக்கிழமைகளில் நீக்கிலாப்பிள்ளை தனியே மில்லைச் சுற்றினார். தனியாளாகப் பானையைத் தூக்க முடியாமல் ஒருநாள் பாதியை நிலத்தில் ஊற்றினார். வீட்டில் கதை குறைந்துபோயிற்று. ஆள் போய்விட்டான், பூச்சியும் போகும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

ஜனவரியில் மூச்சு விட்டால் மீசை உறைகிற குளிர் வந்தது. அந்தக் குளிரில் எந்தப் பூச்சியும் முட்டையும் தப்பாது என்று கடைக்காரன் சொல்லியிருந்தான். நீக்கிலாப்பிள்ளை சாக்குகளை ஒவ்வொன்றாக இழுத்து வந்து பல்கனியில் அடுக்கி, குளிர் நடுச்சாக்குவரை இறங்கட்டும் என்று இரண்டு கிழமைக்கு மேல் விட்டு வைத்தார். லொக்கரை மூலை முடுக்கெல்லாம் கூட்டி, சுவரைத் துடைத்து, பழைய சாக்குகளை எறிந்தார். தானியத்தைப் புதிய சாக்குகளில் மாற்றித் திரும்பக் கீழே இறக்கினார். இனி ஒரு சிறகு தெரியட்டும் பார்ப்போம் என்று சவால் விட்டார்.

மார்ச் முடிவதற்குள் விளக்கைச் சுற்றி ஒன்று பறந்தது.

நீக்கிலாப்பிள்ளை சுவர் துடைத்த வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்துவிட்டார். தானியம் குளிரில் கிடந்து சுத்தமாகிவிட்டது. சாக்கு புதிது. வின்சன்டின் கால் இந்தப் பக்கம் படவில்லை. இரண்டு திறப்பும் அவர் கழுத்திலேயே தொங்குகின்றன. அப்படியென்றால் பூச்சி எங்கேயிருந்து வருகிறது? இருந்த இடத்திலிருந்தே சுற்றிப் பார்த்தார். அவர் வெளியே எடுக்காத, துடைக்காத, குளிரில் வைக்காத பொருள் அந்த அறையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எழுந்துபோய்த் தம்பியின் கதிரை ஆணியிலிருந்து கழற்றினார்.

கையில் எடுக்கும்போதே பாரம் இல்லை. விளக்கடியில் பிடித்தார். நெல்மணிகளில் வட்டமான துவாரங்கள். பாதிக்கு மேல் வெறும் கோது. உள்ளேயிருந்து ஒரு அந்து நிதானமாக வெளியே வந்து அவர் பெருவிரலில் ஏறி நடந்தது.

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. கதிரைக் கட்டியிருந்த கயிற்றைக் கண்டார். யோசெப் கட்டிக் கொடுத்தது தென்னந்தும்பில். இது நீல நைலோன் நூல். கிழிந்த மீன்வலை பொத்துகிறவர்கள் போடுகிற, இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு. அந்த முடிச்சை அவருக்குத் தெரிந்தவர்களில் ஒருவர்தான் போடுவார். பவுடரில் விழுந்திருந்த தடம் எந்த மூலையில் போய் நின்றது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கதிர் தொங்கிய அந்த மூலையைத் தவிர வேறெங்கும் அந்தக் கால் போகவே இல்லை.

வின்சன்ட் கதிரை அவிழ்த்துப் பார்த்திருக்கிறார். கண்டுபிடித்திருக்கிறார். திரும்பக் கவனமாகக் கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நீக்கிலாப்பிள்ளை மேலே வந்து றெஜினாவிடம் கதிரைக் காட்டினார். நீல நூல் முடிச்சையும் விரலால் தொட்டுக் காட்டினார். மந்திரித்த பொருளைக் குப்பையில் போடக்கூடாது. றெஜினா பல்கனியில் பழைய சட்டி ஒன்றை வைத்து அதை எரித்து, சாம்பலைப் பூச்சாடி மண்ணில் கலந்தாள்.

"எனக்கு விளக்கம் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. சொல்லவேண்டிய இடத்தில போய்ச் சொல்லுங்கோ" என்றாள்.

அவர் அன்றைக்கே மெட்ரோ ரயில் மாறி மஞ்சள் கோட்டில் ஆற்றைத் தாண்டினார். வின்சன்டின் வீடு இரண்டாம் மாடியில். அந்தக் கதவு ஒருநாளும் பூட்டிக் கிடந்ததில்லை. தட்டினால் "திறந்துதான் கிடக்கு" என்று உள்ளேயிருந்து சத்தம் வரும். இந்த நாட்டில் இப்படி இருக்கலாமோ, ஒருவனையும் நம்பக்கூடாது என்று நீக்கிலாப்பிள்ளைதான் ஏசி ஏசி, தன் செலவில் ஒரு கதவுச் சங்கிலி வாங்கி வந்து, ஸ்குரூ போட்டுப் பொருத்திக் கொடுத்திருந்தார். வின்சன்ட் சிரித்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றாரே தவிர, அதை மாட்டியதே இல்லை.

தட்டினார். உள்ளேயிருந்து சத்தம் வரவில்லை. கதவு ஒரு கையளவு திறந்து நின்றது. குறுக்கே சங்கிலி.

"ஆர்? ஓ, நீங்களோ" என்றார் வின்சன்ட்.

நீக்கிலாப்பிள்ளை அந்த இடைவெளியைப் பார்த்துப் பேசினார். அந்து கதிரிலிருந்துதான் வந்தது என்றார். முடிச்சைக் கண்டேன் என்றார். மெட்ரோவில் வரும்போது அடுக்கி வைத்த வசனங்கள் எல்லாம் குழம்பிப் போயின.

"எனக்குத் தெரியும் அண்ணை. அண்டைக்குப் பூசை முடியச் சொல்லுவம் எண்டுதான் உங்களைத் தேடி வந்தனான்."

"பிறகேன் சொல்லேல்லை? நான் அப்பிடிக் கத்தேக்கை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"அவ்வளவு சனத்துக்கு முன்னாலயோ? உங்கட தம்பி மந்திரிச்சு அனுப்பினதிலதான் பூச்சி எண்டோ? அக்கா அதைச் சேலைக்குள்ள ஒளிச்சுக் கொண்டுவந்தவ எண்டோ? அவவும் அதிலதான் நிண்டவ." வின்சன்ட் சங்கிலியில் கை வைத்தார். "நீங்கள் என்னட்டைக் கேக்கவே இல்லை அண்ணை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். நீங்கள் தீர்ப்பெல்லோ சொன்னீங்கள்."

"பிழைதான். என்னை மன்னிச்சுக்கொள். வாற ஞாயிறு அதே சனத்துக்கு முன்னால நான் சொல்லுறன்."

"சனத்துக்குச் சொல்லி என்ன செய்ய? எனக்கெல்லோ நோகுது."

கதவு மூடிக்கொண்டது. சங்கிலியைக் கழற்றுவதென்றாலும் கதவை முதலில் மூடத்தான் வேண்டும் என்பது அதைப் பொருத்தியவருக்குத் தெரியும். ஆனால் காலடிச் சத்தம் உள்ளே விலகிப்போனது. போய்விட்டான், இனித் திறக்கமாட்டான், போய் ரீவியைப் போட்டுக்கொண்டு இருக்கப்போகிறான் என்று அவருடைய மனம் வழக்கம்போல எடுத்துக் கொடுத்தது. நீக்கிலாப்பிள்ளை அந்த மனத்தை முதன்முறையாக வாயைப் பொத்தச் சொன்னார். நின்றார். கீழ்வீட்டில் யாரோ வெங்காயம் வதக்கும் மணம் மேலே வந்தது. அதுவும் நின்றுபோன பிறகு காலடிச் சத்தம் திரும்பி வந்தது. சங்கிலி கழன்றது.

"உள்ள வாங்கோ. தேத்தண்ணி போட்டிருக்கிறன். ஆனால் நான் இண்டைக்கு உங்களோட கதைக்கமாட்டன். எனக்கு இன்னும் கோவம் போகேல்லை."

நீக்கிலாப்பிள்ளை நாற்காலி நுனியில் இருந்து குடித்தார். வின்சன்ட் எதிரே இருந்து யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். குடித்து முடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வாசலில் சப்பாத்தைப் போடும்போது நீக்கிலாப்பிள்ளை கேட்டார்.

"வாற சனிக்கிழமையும் வரட்டோ?"

வின்சன்ட் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை. நீக்கிலாப்பிள்ளை வெளியே வந்து படியில் கால் வைத்தபோது, பின்னால் கதவு மூடி, சங்கிலி மாட்டும் சத்தம் கேட்டது. ஒருவனையும் நம்பக்கூடாது என்று அந்த மனுசனுக்குச் சொல்லிக் கொடுத்தவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கொஞ்ச நேரம் நின்றார்.